சான்றிதழில் இல்லாத புகை

சென்னை மந்தைவெளியில் ராமகிருஷ்ண மடம் சாலையை மெட்ரோ வேலைக்காகத் தடுத்ததிலிருந்து, சுற்றியிருக்கும் தெருக்களில் வண்டிகள் ஊர்கின்றன. நாலடி நகர்வது, பிரேக், மறுபடி ஒரு முறுக்கு. அந்தப் புகையில் நின்றபடி பேசிக்கொள்பவர்களிடம் வண்டிப் புகை பற்றிச் சில உறுதியான கருத்துகள் இருக்கின்றன. அவற்றில் பல தவறானவை.

நம்பிக்கை: பொல்யூஷன் சர்டிபிகேட் இருந்தால் வண்டி சுத்தம்.

உண்மை: அந்தச் சோதனையை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்ரோல் வண்டியை நிறுத்திவைத்து, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று திரையில் வருகிறது. டீசல் வண்டி என்றால் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்து, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

நைட்ரஜன் ஆக்சைடு அந்தத் தாளில் கிடையாது. மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவதும், வெயிலில் மாறி ஓசோனை உண்டாக்குவதும் அந்த வாயுதான். இன்ஜின் பாரம் இழுத்துச் சூடேறும்போதுதான் அது அதிகம் பிறக்கும். சும்மா நிற்கிற வண்டியில் தேடினால் அகப்படாது. பழுதான வண்டியைக் கண்டுபிடிக்கச் சான்று உதவும், அது தேவைதான். ஆனால் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கக்குகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நம்பிக்கை: சோதனைச்சாலையில் தேறிய பிறகுதானே கம்பெனி காரை விற்கிறது?

உண்மை: அங்கே கார் உருளைகளின் மேல் ஓடுகிறது. நம் நாட்டில் கார்களுக்கு வகுத்த சோதனை 1,180 விநாடி. வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏ.சி. கிடையாது, மேம்பால ஏற்றம் கிடையாது. எந்த விநாடியில் என்ன வேகம் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாள் வெளியான பரீட்சை.

அதை வைத்து ஏமாற்றியவர்கள் பிடிபட்டதிலிருந்துதான் நடமாடும் கருவியின் கதை தொடங்குகிறது. 1998ல் அமெரிக்காவில் ஏழு டீசல் இன்ஜின் நிறுவனங்கள் சிக்கின. அவற்றின் லாரி இன்ஜின்கள் சோதனையில் அடக்கமாக இருந்துவிட்டு, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி வீசின. அப்போது ஏற்பட்ட சமரச ஒப்பந்தத்தை ஒட்டி, லாரியிலேயே ஏற்றி அளக்கும் கருவியை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் உருவாக்கியது.

புகையில் வாயு எத்தனை பங்கு என்று அறிவது மட்டும் போதாது. குழாய் வழியே எவ்வளவு புகை போகிறது என்பதும் தெரிய வேண்டும். அதனால் புகைக்குழாயின் முனையில் ஓட்டத்தை அளக்கும் மானி, டிக்கியில் வாயுக்களைப் பிரித்தறியும் பெட்டி, நுண்துகள்களை எண்ணும் கருவி, கூரையில் ஜி.பி.எஸ்., காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் மானி என்று ஒரு சின்ன சோதனைச்சாலையே வண்டியோடு பயணம் செய்கிறது. செறிவையும் ஓட்டத்தையும் விநாடிக்கு விநாடி பெருக்கிக் கூட்டி, தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும்.

அதே பல்கலைக்கழகம் 2013ல் மூன்று டீசல் கார்களில் இந்த வகைக் கருவியை ஏற்றியது. ஆய்வுக்குழுவில் இருந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த அரவிந்த் திருவேங்கடம். இன்னொருவர் பெங்களூருக்காரர் ஹேமந்த் கப்பண்ணா. கருவிக்கு மின்சாரம் தர ஜெனரேட்டரையும் காரிலேயே கொண்டுபோனார்கள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, அமெரிக்க வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. அதே கம்பெனியின் பசாட் 5 முதல் 20 மடங்கு. உருளை மேல் ஏற்றினால் இரண்டும் ஒழுங்காகத் தேறின. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்று கவனித்து, "இது சோதனை" என்று கண்டுகொள்ளும் மென்பொருள் உள்ளே இருந்தது. 2015 செப்டம்பரில் உலகமே அறிந்தது. சிக்கியவை சுமார் 1.1 கோடி வண்டிகள். அந்தக் குழுவில் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் இருந்ததை எண்ணி எனக்குப் பெருமை.

நம்பிக்கை: அது அமெரிக்கா விஷயம்.

உண்மை: இந்தியாவில் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. ஃபோக்ஸ்வாகன் கார்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, அப்போதைய பி.எஸ்.-4 புகை வரம்பைப்போல் 2.6 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியேறியது. 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக 2015 டிசம்பரில் கம்பெனி அறிவித்தது. 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கட்டாய வசூல் நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இந்த விவகாரத்துக்குப் பிறகு நமக்கு ஒரு பலன் கிடைத்தது: 2023 ஏப்ரல் 1 முதல் புது கார்கள் சாலைச் சோதனையிலும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

நம்பிக்கை: கியாஸில் ஓடினால் புகையே இல்லை.

உண்மை: கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை. டெல்லியிலும் குருகிராமிலும் சாலையோரக் கருவி வைத்து 1.11 லட்சம் அளவீடுகள் எடுத்து, 2024ல் வெளியிட்டார்கள். பி.எஸ்.-6 சி.என்.ஜி. வண்டிகளில், இலகு ரகச் சரக்கு வண்டிகள் ஆய்வக வரம்பைப்போல் 14 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டன.

நம்பிக்கை: ஸ்கூட்டர் என்ன பெரிதாகக் கெடுத்துவிடப் போகிறது?

உண்மை: மந்தைவெளி மார்க்கெட் பக்கம் காலையில் நின்று எண்ணிப் பாருங்கள், காரைவிட இருசக்கர வண்டிகளே அதிகம். அவற்றுக்கு இந்தச் சாலைச் சோதனை இன்னும் வரவில்லை. கருவியும் பேட்டரியும் சேர்ந்து ஓர் ஆள் கனம். ஸ்கூட்டரில் ஏற்றினால் அந்தச் சுமையே புகையைக் கூட்டிவிடும். எடை குறைந்த கருவிகளை உருவாக்கும் வேலை நடக்கிறது. ஐரோப்பாவில் 2022ல் தொடங்கிய லென்ஸ் திட்டம் அதற்கானது. நம் ஊரில் ஐ.ஐ.டி. இருக்கிறது, ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சுற்றிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகுக்கே தேவைப்படும் அந்தச் சின்னப் பெட்டியைச் செய்ய இதைவிடப் பொருத்தமான ஊர் எது? ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் சாலைச் சோதனை வேண்டும், முடிவுகளை மாடல் வாரியாக ஷோரூமில் ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த வண்டி வாங்கும்போது மைலேஜ் விசாரிப்பதோடு இதையும் விசாரியுங்கள்.