எதுகையில் ஏமாந்தேன்

முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. இவ்வளவுதானேன்னு நினைச்சு, காலாண்டுத் தேர்வில் எதுகைக்கு ‘பட்டு – பாட்டு’ என்று எழுதினேன். தமிழம்மா தப்புப் போட்டுட்டாங்க. “ரெண்டிலும் ‘ட்’ இருக்கே அம்மா?” என்று அழாத குறையாகக் கேட்டேன்.

“முதல் எழுத்தைப் பாரு. ‘ப’ குறில், ‘பா’ நெடில். எதுகைக்கு முதல் எழுத்தோட அளவும் ஒத்திருக்கணும்” என்றார்.

அப்படியானால் பட்டுக்குத் தட்டு, பாட்டுக்குக் கூட்டு. சாயங்காலம் ஆடு மேய்ச்சுக்கிட்டே சொல்லிப் பார்த்தேன். ஆடு, மாடு, வீடு எல்லாம் எதுகை. ‘நடு’ மட்டும் சேராது.

இன்னொன்று கேளுங்கள். ப, பா இரண்டும் இன எழுத்துகள் என்பதால் என் ‘பட்டு – பாட்டு’ மோனையாம்! அந்தத் தாளில் மோனைக் கேள்வியும் இருந்தது. அதை நான் எழுதாமலே விட்டிருந்தேன்.