உடலை வாங்கிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

படிக்கப் போன பிள்ளை விடுதியிலோ பள்ளியிலோ இறந்துவிட்டது, தவறி விழுந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் பெற்றோரால் யோசிக்க முடியாது. சுற்றியிருப்பவர்கள்தான் முடிவெடுப்பார்கள். திருவண்ணாமலையில் அந்த முடிவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: “பொழுது சாயறதுக்குள்ள ஈசான்யச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிடலாம்.” மனதில் துளி சந்தேகம் இருந்தாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். தகனம் செய்துவிட்டால் பிறகு எந்த நீதிமன்றம் கேட்டாலும் காட்ட ஒன்றும் இருக்காது. அடக்கம் செய்த உடலை, நிர்வாக நடுவர் உத்தரவிட்டால் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க முடியும்.

அதைவிட முக்கியம், முதல் பிரேதப் பரிசோதனை. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜூலை 13 அன்று கனியாமூர் தனியார் பள்ளியில் பிளஸ் 2 மாணவி இறந்து கிடந்தார். பெற்றோர் நம்பவில்லை, உயர் நீதிமன்றம் போனார்கள். ஜூலை 18 அன்று மறு பரிசோதனைக்கு உத்தரவு கிடைத்தது. ஆனால் தங்கள் தரப்பு மருத்துவரைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பிறகு இரண்டு அறிக்கைகளையும் ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, மறு பரிசோதனை என்பது ஏற்கெனவே அறுத்துத் தைத்த உடலில் நடப்பது. முதல் முறை விட்டதையெல்லாம் அதில் பிடித்துவிட முடியாது.

அதே வழக்கில்தான் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ்குமார், கல்வி நிலையங்களில் நிகழும் மரணங்களை சி.பி.சி.ஐ.டி. விசாரிக்க வேண்டும், மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு பரிசோதனை செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்றார். ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறை வாசலிலேயே, பரிசோதனை தொடங்கும் முன், இந்த உத்தரவைச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஒன்று கோட்டாட்சியருக்கு. உங்களிடம் இருக்கும் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். சந்தேகத்துக்குரிய மரணத்தில் இரவில் பரிசோதனை கூடாது என்பதுதான் 2021இல் மத்திய அரசு விதித்த பொது நெறி. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டினால் மட்டுமே விலக்கு. அவசரப்படுத்தினால் இதையும் மனுவில் சேருங்கள்.

மனுவில் “எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியாக எழுதுங்கள். கடைசியாகப் பிள்ளையை யார், எத்தனை மணிக்குப் பார்த்தது? விழுந்ததாகச் சொல்லும் இடத்தை அளந்தார்களா? யார் தூக்கினார்கள், ஆம்புலன்ஸை எப்போது கூப்பிட்டார்கள்? எங்களுக்குச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம்? கேமரா பதிவு மிக அவசரம். பல கருவிகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பதிவுப் பெட்டியைக் கைப்பற்றிப் பாதுகாக்கும்படி முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் உடையைத் துவைக்காதீர்கள். போனைத் திறந்து பார்க்காதீர்கள். பழைய நோட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் ஏதாவது கிடைத்ததாகச் சொன்னால் கையெழுத்தை ஒப்பிட அவைதான் வேண்டும்.

கனியாமூரில் ஜூலை 17 அன்று பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மரணம் நடந்த வளாகமே சாட்சி. அதைக் கொளுத்துவது, மறைக்க நினைப்பவர் எவராவது இருந்தால் அவருக்குச் செய்கிற உதவி. பிள்ளையின் படத்தையும் பெயரையும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். குற்றத்துக்கு ஆளான சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். கேள்விப்பட்ட பெயரை வைத்து எந்த ஆசிரியரையும் குற்றவாளி என்று சொல்லிவிடாதீர்கள். கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு பதில் வந்து, அது விபத்துதான் என்று தெரிந்தால், அதை ஏற்கவும் மனதைத் தயார்செய்ய வேண்டியிருக்கும்.

முதல் அறிக்கையில் இறப்புக்கான காரணம் நிலுவை என்று இருந்தால் பயப்படாதீர்கள். உள்ளுறுப்புகளின் ரசாயன ஆய்வு வந்த பிறகே மருத்துவர் இறுதிக் கருத்து எழுதுவார், மாதக்கணக்கில் ஆகலாம். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லி போலீஸ் வழக்கை முடிக்கப் பார்த்தால், புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்காமல் நடுவர் அதை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்ததும் ஆட்சேப மனு போடுங்கள். முதல் நாள் முத்திரை வாங்கிய கேள்விகளில் எதற்கு இன்னும் பதில் இல்லையோ அதை மட்டும் அதில் வரிசையாக எழுதுங்கள்.