சூலை தீருமுன் பாடிய பதிகம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்ததம்மா. அப்பா போன பிறகு பூசை அறையில் உட்கார்ந்தாலே அழுகைதான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. உங்கள் ஊர்க் கோயில் சொற்பொழிவில் ஒருவர், நீற்றறைக்குள் கிடந்தபோதும் அப்பர் பெருமான் கலங்கவில்லை, நாம் கலங்குகிறோம் என்றால் நம் பக்தியில் குறை என்று பேசினாராம். அதைக் கேட்டு நீ குன்றிப்போய், ‘அந்த அமைதி எனக்கு ஏன் வரவில்லை ஐயா?’ என்று கேட்கிறாய். இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை எனக்கு. துக்க வீட்டுப் பெண் காதில் விழும்படி பேசுகிற பேச்சா அது?

நீற்றறைப் பதிகம் எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்புக் காளவாய்க்குள் ஏழு நாள் அடைபட்டுக் கிடந்தவர் வீணையையும் மாலை நிலவையும் தென்றலையும் வண்டு மொய்க்கும் பொய்கையையும் சொல்லி, இறைவன் திருவடி நிழல் அப்படி இருக்கிறது என்று பாடினார். ஐந்தாம் திருமுறையில் இருக்கிறது. ஆனால் அது அவர் வாயிலிருந்து வந்த முதல் பாட்டா? இல்லையே. முதல் பதிகம் நான்காம் திருமுறையின் தொடக்கத்திலேயே நிற்கிறது. கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானத்தில், சூலை நோய் குடலை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே பாடியது. அதைப் படித்தவர் எவரும் ‘பக்தன் கலங்கமாட்டான்’ என்று மேடையில் பேசத் துணியமாட்டார்.

அதில் அவர் என்ன சொல்கிறார் என்று பார். இந்த நோய் எமன்போல் என்னை வதைக்கிறது, நீர் விலக்கவில்லையே என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார். நான் செய்த கொடுமை என்னவென்று எனக்கே தெரியவில்லை என்கிறார். வயிற்றுக்குள் நடப்பதை, குடலைக் கட்டி முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று வைத்தியரிடம் சொல்வதுபோல் இடம் சுட்டிச் சொல்கிறார். அடுத்த பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், இதைப்போன்ற வஞ்சத்தை நான் கண்டதே இல்லை என்கிறார். யாரைப் பார்த்து? சிவபெருமானைப் பார்த்து! பத்துப் பாட்டிலும் முறையீடு. அதைச் சைவ உலகம் மறைத்து வைக்கவில்லை. அவருடைய தேவாரத்துக்கே வாசலாக வைத்தது. நாவுக்கரசர் என்ற பெயரும் நீற்றறைக்குப் பிறகு கிடைத்ததன்று. இந்த முறையீட்டைக் கேட்ட பிறகு இறைவன் தந்தது என்கிறார் பெரிய புராணம் பாடிய சேக்கிழார்.

வலியை இறைவன் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பின்னால் நீற்றறை நிழலாயிற்று என்பது என் முடிவு. நீ பூசை அறையில் அழுவது அந்த முதல் பதிகத்தைச் சேர்ந்தது. எதற்காக வெட்கப்படுகிறாய்?

அப்பரை விட்டுவிடு. நீ பார்க்க வேண்டியவர் அவருடைய அக்காள். திலகவதியார் பெயரைச் சொன்னால் நம் ஆட்கள் ‘அப்பரின் தமக்கை’ என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது வெகுநாள் ஆற்றாமை. தகப்பனார் புகழனார் இறந்தார். உடனே தாயார் மாதினியார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்திலே போனார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சாவு. அந்தப் பெண் உயிரை விடத்தான் துணிந்தாள். தம்பி காலில் விழுந்து அழுததால் தங்கினாள். அந்தத் தம்பியும் பிறகு சமண மடம் புகுந்து தருமசேனர் ஆனார். மிஞ்சியது யார்? கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியார் உரையோடு பெரிய புராணத்தை எடுத்து வைத்துக்கொண்டு இந்த இடத்தில் நான் பல இரவு நின்றிருக்கிறேன்.

அவள் திருவதிகைக்கு வந்து கோயிலைப் பெருக்கினாள், மெழுகினாள், பூப்பறித்து மாலை கட்டினாள். மனம் ஆறிய பிறகு செய்தாள் என்று சேக்கிழார் சொல்லவில்லை. தம்பியை மீட்டுத் தா என்று பலமுறை விண்ணப்பித்துக்கொண்டே செய்தாள். சூலையோடு தம்பி இரவில் வந்து காலில் விழுந்த அன்றைக்கும் அவள் உபதேசம் ஒன்றும் வளர்க்கவில்லை. திருநீறு கொடுத்தாள். விடிவதற்கு முன் அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு வழக்கம்போல் கோயிலுக்குப் புறப்பட்டாள். வீட்டில் சாகக் கிடக்கிறவன் வந்திருக்கிறான் என்று அன்றைய மெழுக்கு நிற்கவில்லை! அப்பர் கடைசி வரை கையில் பிடித்திருந்த உழவாரம் அக்காளின் துடைப்பத்திலிருந்து வந்ததுதான் என்று நான் நம்புகிறேன். புலவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

திருவீழிமிழலைப் பஞ்சத்தையும் நினைத்துப் பார். சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கிடைத்தது. அப்பர் காசு வட்டமில்லாமல் செல்லுபடியாயிற்று; சம்பந்தர் காசுக்கு வாசி பிடித்தார்கள், அவர் மடத்தில் அடியார்களுக்குச் சோறு தாமதப்பட்டது. அப்பர் கைத்தொண்டும் செய்தவர் என்பதே காரணம் என்று புராணம் சொல்கிறது. கைத்தொண்டுக்கு அவ்வளவு மதிப்பு. உனக்கும் இப்போது வேண்டியது அதுதான். ஆனால் இளைப்பாறுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடப்பது என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். துக்கத்தில் இருக்கிறவரைச் சும்மா உட்காரவைத்து, மனத்தை அடக்கு என்பது கொடுமை. அடங்காது. அடங்கவில்லையே என்று இன்னொரு துக்கம் சேரும். கைக்கு ஒரு வேலை இருந்தால் மனம் அதன் பின்னால் மெல்ல வரும்.

ஆகவே தியானம் வரவில்லை என்ற கணக்கை நிறுத்து. உங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் காலையில் கோலம் போட ஆள் இல்லை என்று முன்பு ஒருமுறை சொன்னாயே, அதை நீ எடுத்துக்கொள். அழுகை வந்தால் அங்கேயே அழு. இரவில் தூக்கம் வராதபோது முதல் பதிகத்தைக் கொல்லிப் பண்ணில் வாய்விட்டுப் பாடு. பண் தெரியாவிட்டால் சும்மா வாசி, ஆனால் உரக்க. உன் அப்பா பெயரையும் சேர்த்து இறைவனிடம் கேள். நீற்றறைப் பதிகத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்