செல்லூரில் வீடு கட்டினால் முதல் காசு கூரைக்கு

ஒன்றரை சென்ட் மனை. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர், முன்னால் சந்து. மதுரை செல்லூரில் நாங்கள் வீடு கட்ட இறங்கியபோது கையில் இருந்த இடம் இவ்வளவுதான். பசுமை வீடு என்று பத்திரிகைகளில் வரும் படங்களில் நாலாபுறமும் தோட்டம் இருக்கும். அந்த வரைபடங்கள் இங்கே உதவாது. ஒட்டிக்கட்டிய வீட்டுக்குள் வெயில் இறங்குவது பெரும்பாலும் மேலிருந்துதான். ஆகவே பணத்தில் முதல் பங்கைக் கூரைக்கு ஒதுக்குங்கள். பால்ஸ் சீலிங்கும் மாடுலர் கிச்சனும் மிச்சத்தில் வரட்டும்.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே போய்விடும். வடக்குச் சன்னலுக்கு சன்ஷேட் தேவையில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்கள் வாசல் வடக்கு. ஜூனில் காலையும் மாலையும் வெயில் சாய்வாக உள்ளே வருகிறது.

தளத்துக்கு ஃபில்லர் ஸ்லாப் போட்டோம். லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை இது. தளத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்கத்து இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து வார்த்தால் சிமெண்டு மிச்சம், ஓடுகளுக்கு இடையில் தங்கும் காற்று சூட்டையும் தடுக்கும். ஓடுகளை முதலில் தண்ணீரில் நன்றாக ஊற வையுங்கள், இல்லையென்றால் கலவையின் ஈரத்தை அவை குடித்துவிடும். பால்கனி, சன்ஷேட் போன்ற நீட்டல்களில் இந்த முறை கூடாது, அங்கே இழுவிசை மேல்பக்கம். கம்பிக் கணக்கை இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். கொத்தனாரின் கைக்கணக்கு இதற்குப் போதாது.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, தட்டோடு பதித்தோம். வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கியே இருக்கட்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பேருக்குக் குழி தோண்டாமல் உண்மையாகவே அதில் தண்ணீர் சேருமாறு செய்யுங்கள்.

சுவருக்கு வந்தால், செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு செங்கலில் கால்வாசியை மிச்சப்படுத்தும், ஆனால் ஒன்பது அங்குலச் சுவர் வேண்டும். குறுகிய மனையில் பக்கச் சுவருக்கு அது கட்டுப்படியாகாது. தெருப்பக்கச் சுவருக்கு மட்டும் அதைச் செய்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மாடிப்படி. படிக்கட்டின் உச்சியில் எதிரெதிராக ஜாலி வைத்தோம். சூடான காற்று மேலேறி வெளியே போகிறது, நடு அறைக்குப் பகலில் விளக்கே வேண்டியதில்லை. ஜாலிக்கு உள்ளே கொசுவலை அவசியம். பந்தல்குடி வாய்க்கால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2024 அக்டோபர் மழையில் கண்மாய்த் தண்ணீர் தெருக்களில் ஏறியதைச் செல்லூர் மறக்காது. ரோடு போடப் போட உயரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு பேஸ்மட்டத்தை உயர்த்துங்கள். கீழ்த்தளத்தில் பிளைவுட் வேண்டாம், அலமாரிக்குக் கடப்பாக் கல் போதும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்வதால் விறகுச் செலவில்லை. பிளக் பாயிண்டுகளை இடுப்பளவு உயரத்தில் வைத்து, இன்வெர்ட்டரை மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.