கறுத்த பெட்டையை நம்பாதே, சேவலின் காலைப் பார்

அன்புள்ள தம்பி,

நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி மனதை விட்டு அகலவில்லை. கடக்நாத் என்று சொல்லி வாங்கிய குஞ்சுகள் மூன்று மாதத்தில் இரண்டு விதமாகப் பிரிந்துவிட்டன என்றாய். பெட்டைகள் எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. சேவல்களுக்கோ கொண்டை சிவந்து, காலும் வெளுத்துவிட்டது. "பெட்டை அசல்தான், சேவலில்தான் கலப்பு வந்துவிட்டது என்று விற்றவர் சொல்கிறார். அப்படி இருக்குமா ஐயா?" என்று கேட்டாய். இருக்காது. ஒரே தாய் தகப்பனுக்குப் பொரித்த குஞ்சுகளில் பெண் மட்டும் அசலாகவும் ஆண் மட்டும் கலப்பாகவும் இருக்க வழியே கிடையாது. உன் பெட்டைகளும் கலப்புதான். அதை எப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

கறுப்பாக இருந்தால் கடக்நாத் என்ற ஒற்றை நம்பிக்கையை வைத்து ஊரெங்கும் வியாபாரம் நடக்கிறது. இது எனக்கு நெடுநாள் எரிச்சல். கறுப்பு முட்டை இடும், ரத்தமே கறுப்பு என்றுகூட விற்கிறார்கள். முட்டை வெளிர் பழுப்பு. ரத்தம் சிவப்பு. இறகைப் பார்த்தால் அசல் கடக்நாத்திலேயே முழுக் கறுப்பு, வெண்கோடு ஓடியது, கழுத்தில் பொன்னிறம் ஏறியது என்று மூன்று வகை உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி அது. அதன் இறைச்சி 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. பிறந்த அன்று குஞ்சு நீலம் கலந்த கறுப்பாக, முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகளோடு இருக்கும். பொன்னிற இறகு முளைத்தது என்பதற்காக ஒரு கோழியைக் கழித்துவிடாதே. கறுப்பைத் தேட வேண்டிய இடங்கள் தோல், நாக்கு, கால், அறுத்தால் தசை, எலும்பை மூடிய சவ்வு. இருபதாம் குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்துப்போனதால் நிறமிச் செல்கள் உடம்பெங்கும் பரவிக் குடியேறிவிடுகின்றன. சீனத்து சில்கி, இந்தோனேசியாவின் அயம் செமானி, நம் கடக்நாத் மூன்றுக்கும் இந்த மாற்றம் பொது.

ஆனால் அந்தக் கறுப்பை அமுக்கிவைக்கும் இன்னொரு மரபணு இருக்கிறது. வெள்ளைக்கால், மஞ்சள்கால் நாட்டுக்கோழிகள் அதைச் சுமக்கின்றன. கடக்நாத்தில் அது இல்லை. அது இருப்பது இசட் குரோமோசோமில். உன் வழக்கின் முடிச்சே இங்கேதான். கோழியில் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றுதான், அதுவும் தகப்பனிடமிருந்து வருவது. கடக்நாத் சேவலை வெள்ளைக்கால் நாட்டுப் பெட்டையோடு விட்டால், மகள்களுக்குத் தகப்பனின் இசட் மட்டும் கிடைக்கும். அமுக்க ஆள் இல்லை, கறுப்பு முழுதாக வெளியே வரும். மகன்களுக்குத் தாயின் இசட்டும் சேர்ந்து வருவதால் நிறம் மங்கிப்போகும். நீ பரீட்சைக்குப் போடும் பன்னட் கட்டத்துக்குப் பெயர் கொடுத்த அதே பன்னட், பேட்சனோடு சேர்ந்து 1911இல் சில்கியையும் லெகார்னையும் இணைத்து வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சேவலையும் பெட்டையையும் மாற்றிப்போட்டால், அதாவது நாட்டுச் சேவலும் கருங்கோழிப் பெட்டையும் என்றால், ஆண் பெண் இரண்டுமே மங்கலாகத்தான் பிறக்கும்.

ஆகவே ஒரு கூட்டத்தை நிதானிக்க வேண்டுமானால் பெட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டுச் சேவல்களைப் பார். அதையும் மூன்று மாதத்துக்கு முன்னால் செய்யாதே. அடித்தோலின் நிறம் தெளியக் காலம் பிடிக்கும். கொண்டையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே. வயதுக்கு வந்த அசல் சேவலுக்கும் கொண்டையில் ஊதா கலந்த சிவப்பு ஏறும். நாக்கும் காலும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். ஊட்டிக் குளிரில் பல்பு வெப்பம் போதாமல் இறகு தாமதமாக முளைத்த குஞ்சைப் பார்த்து "ஜாதி சரியில்லை" என்பவர்களையும் காதில் போட்டுக்கொள்ளாதே. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்தார்களா என்று அவர்களிடம் திருப்பிக் கேள்.

காலைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். கோழியின் காலில் இரண்டு அடுக்கு நிறம் உண்டு. அடித்தோலில் கறுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மேல்தோல் வெள்ளையாக இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம். கறுப்பின் மேல் வெள்ளை படிந்தால் சிலேட்டு நிறம், மஞ்சள் படிந்தால் பச்சைக்கால். பகல் வெளிச்சத்தில் கோழியை மடியில் மல்லாத்தி, சேற்றைக் கழுவி, உள்ளங்காலைப் பார். செதிலில் தெரியாத மேல்தோல் நிறம் அங்கே தெரியும். முட்டையிடத் தொடங்குமுன் பார்ப்பது முக்கியம். முட்டையிடும் பெட்டையின் கால் மஞ்சள் வெளுத்துவிடும். அந்த நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது.

மஞ்சள்கால் என்றாலே பிராய்லர் கலப்பு என்று எஸ்டேட் லைன் வீடுகளில் சொல்வார்கள். தப்பு. அந்த மஞ்சளின் ஊர் நம் பக்கத்துக் காடு. விடிகாலையில் லாங்வுட் சோலை ஓரமாக, தேயிலைக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து கிளறுகிறதே சாம்பல் காட்டுக்கோழி, அதனிடமிருந்து வந்தது. வீட்டுக்கோழி முழுக்கச் செங்காட்டுக்கோழியின் வழி என்று டார்வின் 1868இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் எழுதினார். சாம்பல் கோழிக்கு அதில் பங்கில்லை என்று முடிவுகட்டினார். அந்த இரண்டு தொகுதிகளையும் மழைக்காலம்தோறும் எடுத்துப் படிப்பவன் நான். கோழியைப் பற்றிய அத்தியாயத்தின் பொறுமைக்கு ஈடு கிடையாது. ஆனால் 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மஞ்சள்தோல் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அது செங்காட்டுக்கோழியோடு ஒத்துப்போகவில்லை, சாம்பல் கோழியோடு ஒத்துப்போனது. தீனியில் வரும் கரோட்டின் நிறமியைத் தோலில் சிதைக்கும் ஒரு நொதி வேலை செய்யாமல் போவதுதான் அந்த மஞ்சள். கீரையும் மக்காச்சோளமும் தின்றால்தான் அது பளிச்சென்று தெரியும்.

மஞ்சள்கால் ஒடுங்கு பண்பு. வெள்ளைக்கால் ஜோடிக்கு மஞ்சள்கால் குஞ்சு பிறக்கலாம். அதை வைத்துக் கலப்பு என்று சொல்ல முடியாது. மஞ்சள்கால் ஜோடிக்கு வெள்ளைக்கால் குஞ்சு பிறந்தால் மட்டும் அக்கம்பக்கத்துச் சேவல்களை ஒரு நோட்டம் விடு.

காட்டுக்கோழியின் சொத்து எல்லா ஊர்க்கோழிக்குள்ளும் இருக்கும்போது தூய இனம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பாய். நம் நீலகிரிச் செம்மறியைப் பார். கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலந்து உண்டான ஆடு அது. இன்று சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் தனி இனமாகப் பேணுகிறார்கள். ஒரு காலத்தில் கலப்பாக இருந்தது, தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் போலவே குட்டி போடத் தொடங்கியதும் இனமாகிவிட்டது. முன்னோர் யார் என்பதைவிடப் பிள்ளைகள் எப்படி என்பதுதான் கணக்கு. விற்பவர் காட்டும் சான்றிதழை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் எண் வளையம் போடு. பிறந்த அன்றும், பிறகு மாதம் ஒரு முறையும் நாக்கு, உள்ளங்கால், கொண்டை மூன்றையும் நோட்டில் குறி. எந்தத் தாய், எந்தச் சேவல் என்பதை மறக்காமல் எழுது. சந்தேகம் தீரவில்லை என்றால் கறுத்த பெட்டையை அதன் உடன்பிறந்த சேவலோடு விட்டுப் பார். கலப்பாக இருந்தால், பொரிக்கும் குஞ்சுகளில் கறுப்பே இல்லாத வெளுத்த தோல் குஞ்சுகள் தலைகாட்டும். அசல் ஜோடிக்கு அப்படி ஒன்றுகூட வராது.

உன் பெட்டைகளை அறுத்துவிடாதே. அடை காக்கும், மலைக்குளிரைத் தாங்கும், நல்ல முட்டை தரும். கடக்நாத் என்று சொல்லி மட்டும் அவற்றின் குஞ்சுகளை யாருக்கும் விற்காதே. பாதிக் கடக்நாத் என்றே சொல்லி, அதற்கு உரிய விலைக்கு விற்றுவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்,
குன்னூர்