மச்சானிடம் கேமரா கேட்கும் முன்

கேள்வி: தை மாதம் மகளுக்கு அரங்கேற்றம். போன வருடம் சலங்கை பூஜையை எங்கள் சின்ன ஹேண்டிகேமில் எடுத்தேன். முகம் வெள்ளையடித்தது போல இருக்கிறது. பின்னால் கறுப்புத் திரை முழுக்க புள்ளி புள்ளியாக ஓடுகிறது. வீட்டில் சாயங்காலம் எடுத்தாலும் இதே கதை. அமெரிக்காவிலிருந்து மார்கழியில் வரும் மச்சான், "அங்கேயே வாங்கி வருகிறேன்" என்கிறார். மங்கிய வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும் கேம்கார்டர் எது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் மச்சானைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே விற்கும் வீட்டு கேம்கார்டர்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேமில் மட்டுமே எடுப்பவை. பழைய சோக் போட்ட நம் மண்டபத்து ட்யூப்லைட்டில் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஷட்டரை 1/100-ல் நிறுத்தினால் மினுக்கல் போகும். ஆனால் 1/50-ல் கிடைக்கிற வெளிச்சத்தில் பாதிதான் உள்ளே வரும். இருட்டுக்கென்று வாங்குகிற கேமராவில் பாதியை இப்படி விடுவானேன்? மெனுவில் 50/60 மாற்றும் வசதி இருந்தால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

புள்ளிகளுக்குக் காரணம் சென்சாரின் அளவு. விலை குறைந்த ஹேண்டிகேம்களில், உதாரணமாக சோனி சி.எக்ஸ். 405-ல், சென்சார் மூலைக்கு மூலை 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் விழும் கொஞ்ச வெளிச்சத்தை கேமரா மின்னணு முறையில் பெருக்குகிறது. இதற்குப் பெயர் கெயின். வெளிச்சத்தோடு இரைச்சலும் பெருகும். திரையில் நீங்கள் பார்த்தது அதைத்தான். அடுத்த படி ஏ.எக்ஸ். 43, சுமார் 7 மில்லிமீட்டர். அதற்கும் மேலே ஒரு இஞ்ச் வகை சென்சார் கொண்ட ஏ.எக்ஸ். 700, சுமார் 16.

பெட்டியில் போட்டிருக்கும் லக்ஸ் எண்ணை நம்பாதீர்கள். ரொம்பக் குறைந்த எண் என்றால் ஷட்டரை 1/25-க்கு இறக்கி அளந்திருப்பார்கள். அந்த வேகத்தில் அலபத்மம் பிடித்த கை சுழலும்போது விரல்களே தெரியாது, வெள்ளையாக ஒரு தீற்றல்தான். ஆட்டோ ஸ்லோ ஷட்டரை அணைத்துவிட்டு 1/50-ல் வையுங்கள். நைட்ஷாட் என்ற பச்சை நிறப் படம் தொட்டில் குழந்தையைப் பார்க்க உதவும். அரங்கேற்றத்துக்கு வேண்டாம்.

பலரும் கவனிக்காத விஷயம் ஜூம். ஏ.எக்ஸ். 43-ன் லென்ஸ் அகலமாக வைத்தால் எஃப்/2. முழுதாக இழுத்தால் எஃப்/3.8. அதாவது வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்து முகத்தை இழுத்து எடுப்பவர்களுக்குப் புள்ளி வராமல் என்ன செய்யும்? ஏ.எக்ஸ். 700-ன் லென்ஸ் தொடக்கத்திலேயே எஃப்/2.8 என்பதால், நான்கு மடங்குக்கு மேல் பரப்புள்ள சென்சாரின் லாபத்தில் பாதியை அகல நிலையில் இழக்கிறது. முழு ஜூமில் எஃப்/4.5-தான், ஏ.எக்ஸ். 43-ன் 3.8-ஐவிட அதிகம் பின்தங்கவில்லை; அதன் அருமை தெரிவது அங்கேதான்.

முகம் வெளுத்ததற்கு கேமரா மட்டும் பொறுப்பல்ல. கறுப்புத் திரையைப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று அதுவாகவே ஏற்றிக்கொண்டது. ஸ்பாட் விளக்கு நாட்டியக்காரியின் மேல் விழுந்ததும், கேமராவின் தொடுதிரையில் அவள் முகத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை நிறுத்துங்கள். பின்னால் உள்ள திரை கறுப்பாகவே கிடக்கட்டும்.

என் யோசனை: அரங்கேற்றத்துக்கு ஒரு இஞ்ச் சென்சார் கேமராவை வாடகைக்கு எடுங்கள். லட்சத்துக்கு மேல் விலை போகிற பொருளை ஒரு மாலைக்காக வாங்க வேண்டியதில்லை; தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் விசாரியுங்கள். வீட்டுக்கு ஏ.எக்ஸ். 43 ரகமே தாராளம். பிறந்தநாளன்று கூடத்தில் இருக்கும் எல்லா விளக்கையும் போட்டு, கேக் மேஜையை ஜன்னலுக்கோ விளக்குக்கோ எதிர்ப்புறம் நகர்த்துங்கள். அந்த ஒரு காரியம் பல ஆயிரம் ரூபாய்க்குச் சமம்.

ஒத்திகைக்கு விளக்குக்காரர் எப்போது வருகிறார் என்று கேட்டு, அன்றே வாடகை கேமராவோடு போய் ஒரு உருப்படியை முழுதாக எடுங்கள். ஸ்டாண்டை முன்வரிசைப் பக்கவாட்டில் வையுங்கள். எடுத்ததை கேமராவின் சின்னத் திரையில் பார்த்துத் திருப்திப்படாமல், டி.வி.யில் போட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.