ஆக்ஸிலேட்டர் கம்பியும் கைகாட்டி மரமும்

பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் சேலத்து அன்பர் ஒருவர் குடியிருக்கிறார். தகப்பனார் 1986-இல் வாங்கிய பிரிமியர் பத்மினியை விற்க மனம் வராமல் இன்றும் வைத்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, முகமெல்லாம் வியர்வையாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், காலை எடுத்தப்புறமும் வண்டி சீறிக்கிட்டே போகுது" என்றார்.

ஓசூர் ரோட்டில் நடந்திருக்கிறது. உள்ளே மனைவியும் இரண்டு பிள்ளைகளும். நல்லவேளை, பதறாமல் கிளட்சை மிதித்து, பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து ஓரம் கட்டிவிட்டார். யாருக்கும் காயமில்லை.

பானட்டைத் திறந்து பார்த்தேன். பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளைத் தண்டு தேய்ந்து காற்று வாங்கியதால், மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றிவிட்டு மாருதி 800-இல் இருந்து எடுத்த ஒன்றை அடாப்டர் பிளேட் வைத்துப் பூட்டியிருந்தார். (மாருதி கார்புரேட்டர் என்றால் நமக்கு அந்நியமல்ல. ஜப்பானின் மிகுனி கம்பெனியின் ஒத்துழைப்போடு நம் மறைமலைநகர் யூகால் தொழிற்சாலை செய்து கொடுத்த சரக்கு அது.) பூட்டிய வேலையில் குறை சொல்ல முடியாது. கோளாறு ஆக்ஸிலேட்டர் இணைப்பில் இருந்தது. பத்மினியில் பெடலிலிருந்து வருவது இரும்புக் கம்பி, மாருதியில் கேபிள். அந்தக் கம்பியையே வளைத்து, புது லீவரில் கட்டுக்கம்பியால் முடிந்து வைத்திருந்தார்.

கார்புரேட்டர் மாற்றுகிறவர்கள் பெட்ரோல் ஜெட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த லீவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டர்ஃபிளை மூடிய நிலையிலிருந்து முழுதும் திறக்க ஏறத்தாழ 80 டிகிரி சுற்றவேண்டும். லீவரின் நீளம் 30 மில்லிமீட்டர் என்றால், அதற்குக் கம்பி சுமார் 39 மில்லிமீட்டர் நகரவேண்டும். பெடல் தருவதும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். புது கார்புரேட்டரின் லீவர் 40 மில்லிமீட்டராக இருந்தால் அதே இழுப்பில் 58 டிகிரிதான் திறக்கும். வண்டி மேடு ஏறாது. பழி கார்புரேட்டர் மேல் விழும். லீவர் 20 மில்லிமீட்டர்தான் என்றால் பெடல் மூன்றில் இரண்டு பங்கு இறங்கும்போதே முழுதும் திறந்துவிடும். அதற்கு மேல் மிதிக்கும் பலமெல்லாம் அந்தச் சிறு தண்டை முறுக்கும். எனவே பெடலுக்கு அடியில் தரையில் ஒரு தடை வைத்து, காலின் பலத்தை அதுவே தாங்கும்படி செய்யவேண்டும்.

நீளத்தைவிட ஆபத்தானது கோணம். சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாது அல்லவா? அதே கதைதான் இங்கே. முழுதும் திறந்த நிலையில் கம்பியும் லீவரும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டன. திரும்பி இழுக்க இருந்ததோ பெடலில் உள்ள ஸ்பிரிங் ஒன்றுதான். அது கம்பியைத் தள்ளியது, லீவர் அசையவில்லை. பாதி திறப்பில் கம்பிக்கும் லீவருக்கும் இடையே செங்கோணம் இருக்கும்படி பொருத்தினால் இந்தப் பூட்டு விழாது.

கார்புரேட்டரிலேயே இருந்த ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன். "பெடல் கனமா இருந்துச்சு சார், அதான் கழட்டிட்டாங்க."

நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில் எங்கும் கைகாட்டி மரங்கள் இருந்தன. கேபினிலிருந்து ஒயரை இழுத்தால் கை இறங்கி வழிவிடும். ஒயர் அறுந்தால்? மரத்திலேயே கட்டியிருக்கும் எடைக்கல் கையைத் தானாக உயர்த்தி 'நில்' என்று காட்டிவிடும். எடைக்கல்லை கேபினில் வைத்திருந்தால் ஒயரோடு அதுவும் போயிருக்கும். அதனால்தான் ஸ்பிரிங் பட்டர்ஃபிளைத் தண்டிலேயே இருக்கவேண்டும் என்கிறேன். ஒன்று போதாது, தனித்தனியாக மாட்டிய இரண்டு வேண்டும்.

மறுநாள் ஜே.சி. ரோட்டில் கேபிளும் ஸ்பிரிங்குகளும் வாங்கிவந்து இருவருமாக உட்கார்ந்தோம். கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் பிராக்கெட்டை பாடியில் அடிக்கக்கூடாது. இன்ஜினில், மேனிஃபோல்டு போல்ட்டில் பூட்டவேண்டும். இன்ஜின் ரப்பர் மேல் ஆடுகிறது. பிராக்கெட் பாடியில் இருந்தால், கிளட்ச் விடும்போது இன்ஜின் சாயும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலேட்டரை அதுவே இழுத்து இழுத்து விடும், வண்டி குதிரை மாதிரி துள்ளும். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் தாராளமாக வளைந்து போகட்டும். சைலன்சர் குழாய்ப் பக்கம் மட்டும் போகவேண்டாம். காலை எடுத்த நிலையில் கேபிளில் 1 அல்லது 2 மில்லிமீட்டர் தளர்ச்சி விடுங்கள். பட்டர்ஃபிளை ஐடில் ஸ்குரூவில்தான் உட்காரவேண்டும், கேபிளில் தொங்கக்கூடாது. கட்டுக்கம்பிக்குப் பதில் கிளாம்ப், ஸ்பிளிட் பின்.

இன்ஜினை அணைத்துவிட்டு, அன்பரின் மகளைப் பெடலை மிதிக்கச் சொல்லி மேலிருந்து பார்த்தோம். முழுதும் திறந்தது, விட்டதும் 'டக்' என்று மூடியது. ஏர் கிளீனரை மாட்டியபின் மறுபடி பார்த்தபோது லீவர் அதன் விளிம்பில் லேசாக உரசியது! பிராக்கெட்டை அரை அங்குலம் தள்ளிப் போட்டோம். பிறகு பானட்டை மூடியும் ஒருமுறை மிதித்துக் கேட்டோம். கடைசியாக கேபிளை வேண்டுமென்றே கழற்றி, பட்டர்ஃபிளையைக் கையால் முழுதும் திறந்து விட்டேன். தானே மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் சாவியை அவரிடம் கொடுத்தேன்.